ஆறரைக் கட்டை

ஒரு கிடார் கம்பியை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதற்காக இரண்டு பெரிய மனிதர்கள் முறைத்துக்கொள்ளும் காட்சியை இதுவரை ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். டெய்லர் ஹாக்ஃபோர்ட் இயக்கி 1987-இல் வந்த ‘ஹெயில்! ஹெயில்! ராக் அண்ட் ரோல்’ என்ற ஆவணப்படத்தில் வரும் ஒத்திகைக் காட்சி அது. ‘கேரல்’ என்ற பாட்டின் தொடக்கத்தை கீத் ரிச்சர்ட்ஸ் வாசிக்கிறார். பாட்டுக்குச் சொந்தக்காரர், ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரி நிறுத்துகிறார். அப்படியில்லை, இப்படி என்று வாசித்துக் காட்டுகிறார். கீத் மறுபடி வாசிக்கிறார். மறுபடியும் நிறுத்தம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு இருபது வருஷத்துக்கு மேல் உலகத்தைச் சுற்றி வந்த ஆள், பாட்டு வாத்தியார் வீட்டில் முதல் நாள் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தாடை இறுக விழிக்கிறார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று நமக்குப் பதறுகிறது. சொல்வதில்லை. விழுங்கிக்கொண்டு மறுபடி வாசிக்கிறார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு கீத் மேல்தான் பரிதாபம். படத்தின் கதையே அப்படித்தான் நம்மைப் பிடித்து இழுக்கிறது. சக் பெர்ரிக்கு அறுபது வயது. 1986 அக்டோபரில் அவருடைய சொந்த ஊரான செயின்ட் லூயிஸில், ஃபாக்ஸ் தியேட்டரில் பிறந்தநாள் கச்சேரி. வாழ்நாள் முழுக்கக் கண்ட கண்ட பக்கவாத்தியத்தோடு வாசித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்ட மனிதருக்கு ஒரு தடவையாவது நல்ல குழு அமைத்துத் தர வேண்டும் என்று கீத் இறங்குகிறார். டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன், கிடாரில் ராபர்ட் க்ரே, சாக்ஸபோனில் பாபி கீஸ். இத்தனை செய்தும் கிழவர் ஒத்துழைப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பியதற்குச் சண்டை. என் ஆம்ப், என் சத்தம், இதுதான் சக் பெர்ரி என்கிறார். படத்தில் பதிவாகப் போவது காலத்துக்கும் நிற்கும் என்று கீத் சொல்லிப் பார்க்கிறார், மசிவதில்லை. போதாததற்கு, ஐந்து வருஷம் முன்பு நியூயார்க்கில் மேடைக்குப் பின்னால் இதே கீத்தின் கண்ணில் குத்தியவர் சக் பெர்ரி. குத்து வாங்கியவர் ஐந்து வருஷம் கழித்து குத்தியவருக்கே விழா எடுக்கிறார் என்றால், நம் மனசு எந்தப் பக்கம் சாயும்?

சரி, கிழவர் கொடுமைக்காரர் என்று முடிவு கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி விடவில்லை. நானும் ஒரு காலத்தில் திருச்சி பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து. ஒத்திகையில் நடக்கும் சண்டை எனக்குப் புதிது இல்லை. அங்கே நடப்பது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் என்னவோ பிடிபடவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கிழவரின் கணக்கு

இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் சக் பெர்ரி கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தார். படத்தில் அவர் அந்த ஃபாக்ஸ் தியேட்டரைப் பற்றியே ஒரு கதை சொல்கிறார். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே படம் பார்க்கப் போயிருக்கிறார். கறுப்பர்களுக்கு டிக்கெட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே கட்டடத்துக்குள், படப்பிடிப்பின்போது, தன்னுடைய சிவப்பு கேடிலாக் காரை மேடை மேலேயே ஓட்டி வருகிறார். அந்த கார் இப்போது வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எனக்கு கார் பைத்தியம் கிடையாது, ஆனாலும் அந்த ஒரு கார் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

இன்னொரு காட்சியில் லிட்டில் ரிச்சர்ட், போ டிட்லி, சக் பெர்ரி மூவரும் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து பழைய காலத்தைப் பேசுகிறார்கள். சிரிப்பும் கும்மாளமுமாகத் தொடங்கி, போகப் போகக் கசப்பு தெரிகிறது. ராக் அண்ட் ரோல் என்ற கட்டடத்துக்குக் கல் சுமந்த மூன்று பேர். கிரகப்பிரவேசத்துக்கு வேறு யாரையோ முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். லிட்டில் ரிச்சர்டின் ‘டுட்டி ஃப்ருட்டி’யை பேட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் வழவழவென்று பாடி, பட்டியலில் மூலத்தைவிட மேலே போனார். சக் பெர்ரியின் முதல் வெற்றி 1955-இல் வந்த ‘மேபலின்’. ரெக்கார்டு வெளிவந்த பிறகுதான், பாட்டு எழுதியவர்கள் என்று தன் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒருவர் ஆலன் ஃப்ரீட், அந்தக் காலத்தில் ரேடியோவில் பாட்டுப் போட்டு யாரையும் தூக்கிவிடக்கூடிய ஆள். இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ, ரெக்கார்டை வெளியிட்ட செஸ் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். இருவரும் அந்தப் பாட்டில் ஒரு வரி எழுதவில்லை. பணத்தில் மட்டும் பங்கு. அந்தப் பெயர்கள் நீங்கி பாட்டு முழுசாக சக் பெர்ரிக்குத் திரும்பியது 1986-இல். ஆமாம், இந்தக் கச்சேரி நடந்த அதே வருஷம்.

இப்படி ஏமாந்த மனிதர் பிறகு யாரையும் நம்பவில்லை. சொந்தக் குழு கிடையாது. கிடாரை எடுத்துக்கொண்டு தனியாக வருவார். பணத்தை முன்னாலேயே ரொக்கமாக வாங்கிக்கொள்வார். உள்ளூர்ப் பையன்கள் நாலு பேரைப் பின்னால் நிற்க வைத்து வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்படிப் பின்னால் நின்ற உள்ளூர்ப் பையன்களில் ஒருவர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அந்தக் கதையை அவரே படத்தில் சொல்கிறார். மேடை ஏறச் சில நிமிஷம் இருக்கும்போது வந்து இறங்கிய சக் பெர்ரியிடம், என்னென்ன பாட்டு என்று கேட்டிருக்கிறார்கள். சக் பெர்ரி பாட்டுதான் என்று பதில் வந்ததாம். ஸ்கேல், அதாவது சுருதி, என்ன என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டாராம். பையன்களுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சேர்க்கிறார்: அந்த ஸ்கேல்கள் விசித்திரமானவை, சாதாரணமாக கிடார்க்காரன் எடுக்காதவை.

இந்த வாக்கியத்தை நான் மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர்

நாலாவது தடவை பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. பழைய கீபோர்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது, எடுத்துத் துடைத்து டிவிக்கு முன்னால் போட்டுக்கொண்டேன். படத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்ற சின்ன ஆசை. ஸ்கேலை நாங்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். கிடார் பாட்டுகள்தானே, மூணு கட்டையிலோ ஆறு கட்டையிலோ இருக்கும், ஸ்கேலை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு ஒப்பேற்றலாம் என்று நினைத்தேன். கிடாருக்கு அவைதான் இயல்பான இடங்கள். கம்பிகளை அமுக்காமல் சும்மா விட்டாலே பாதி ஸ்வரங்கள் ஒலிக்கும், கைக்கு வேலை குறைவு. ஆனால் படத்தில் வந்த பாட்டுகளுக்குக் கையை வைத்தால் பல இடங்களில் விரல்கள் போய் நின்றது இரண்டரையிலும் ஆறரையிலும். எல்லாரும் அறிந்த ‘ஜானி பி. குட்’, 1958-இல் செஸ் வெளியிட்ட அசல் ரெக்கார்டில், ஆறரைக் கட்டை. கிடாரில் சும்மா விட்ட கம்பி எதுவும் அந்த ஸ்கேலின் ஆதார ஸ்வரத்தில் ஒலிக்காது. விரலைக் குறுக்கே படுக்கப் போட்டு அமுக்க வேண்டும், ராத்திரி முழுக்க வாசித்தால் கை கழன்றுவிடும். கீபோர்டிலோ கறுப்புக் கட்டைகள் விரலுக்கு அடியில் தாமாகவே வந்து உட்கார்கின்றன. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் இருக்கும் குழுவில் வாசித்துப் பழகிய பியானோக்காரனுக்கு அதுதான் சொந்த வீடு.

ஐந்து நிமிஷம் வாசிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிடாருக்காகப் பிறந்த பாட்டு என்று உலகமே நினைக்கும் பாட்டு, ஏன் பியானோக்காரனின் ஸ்கேலில் இருக்கிறது?

இதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது. கீத் ரிச்சர்ட்ஸ் வாயைத் திறந்து சொல்கிறார். இவை சக் பெர்ரியின் பியானோக்காரர் ஜானி ஜான்சனின் ஸ்கேல்கள், சக் அந்தப் பியானோ வாசிப்பைக் கேட்டு கிடாருக்கு மாற்றிக்கொண்டு, மேலே தன் அபாரமான வரிகளை வைத்தார் என்பது அவர் கட்சி. மூன்று தடவை பார்த்தும் இது என் காதில் ஏறவில்லை. விரலில் ஏறிய பிறகுதான் ஏறியது. அதற்கப்புறம் ரிமோட்டை எடுத்து, படத்தை முதலிலிருந்து ஓட்டி, பியானோவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய உடம்புக்காரரை மட்டும் பார்த்தேன். முன்னால் இரண்டு பேர் கம்பி இழுப்பதற்குச் சண்டை போடுகிறார்கள். அவர் எதிலும் கலந்துகொள்வதில்லை. வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறார். பேட்டியிலும் மெதுவான குரல், யார் மேலும் குறை இல்லை. இந்தப் படம் எடுத்த சமயத்தில் அவர் பிழைப்புக்கு என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? செயின்ட் லூயிஸில் முதியவர்களை ஏற்றி இறக்கும் வண்டிக்கு டிரைவர்.

அவர் கதை இது. மேற்கு வர்ஜீனியாவில் 1924-இல் பிறந்தவர். செயின்ட் லூயிஸுக்கு வந்து சின்னதாக ஒரு குழு வைத்திருந்தார்: பியானோ, டிரம்ஸ், சாக்ஸபோன். 1952 டிசம்பர் 31 ராத்திரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கு செயின்ட் லூயிஸில் காஸ்மோபாலிட்டன் கிளப்பில் புத்தாண்டுக் கச்சேரி. சாக்ஸபோன்காரர் உடம்பு முடியாமல் விழுந்துவிட்டார். ஆள் வேண்டுமே என்று ஜான்சன் கூப்பிட்டது, உள்ளூரில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த சக் பெர்ரியை. ஒரு ராத்திரிக்கு வந்தவர் நிரந்தரமானார். அவர் பாடினார், ஆடினார், கூட்டம் சேர்ந்தது. வேலை பிடிக்கும் சாமர்த்தியமும் அவருக்குத்தான். கொஞ்ச காலத்தில் ஜான்சனின் குழு பெர்ரியின் குழு ஆகிவிட்டது, ஜான்சன் ஆட்சேபிக்கவும் இல்லை. இது என் ஊகம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: சாக்ஸபோன் இருந்த இடத்தில் கிடார் வந்து உட்கார்ந்தது, ஸ்கேலை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஜான்சன் இன்னும் உயிரோடு, அங்கேயே வாசித்துக்கொண்டு இருக்கிறார் என்று கீத்திடம் சொல்லி வைத்தவர் இயன் ஸ்டூவர்ட். அவரும் பியானோக்காரர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். தோற்றம் பொருந்தவில்லை என்று 1963-இல் மேனேஜர் அவரைப் படங்களிலிருந்து நீக்கினார். ஆனாலும் சாமான் ஏற்றும் வேலையும் பியானோவும் பார்த்துக்கொண்டு கடைசிவரை கூடவே இருந்தார். 1985 டிசம்பரில் இறந்துபோனார், இந்தக் கச்சேரியைப் பார்க்கவில்லை. பந்தியில் இலை கிடைக்காதவனுக்குத்தான் இன்னொருவன் இலை இல்லாமல் நிற்பது கண்ணில் படும் போல.

கச்சேரியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வம் இல்லை. விருந்தாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். எட்டா ஜேம்ஸ் மேடையை ஒரு உலுக்கு உலுக்குகிறார், ஜூலியன் லெனன் அப்பா ஜாடையில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். ஒரே ஒரு பாட்டைத் தவிர. எரிக் கிளாப்டன் பாடும் ‘வீ வீ அவர்ஸ்’. அது 1955-இல் ‘மேபலின்’ ரெக்கார்டின் மறுபக்கத்தில் வந்த மெதுவான ப்ளூஸ் பாட்டு. அங்கே பியானோ முன்னுக்கு வருகிறது. வலது கையில் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, கொட்டித் தீர்த்து, மறுபடி சொட்டுக்கு வருகிறார் ஜான்சன். அதற்கு முன்பும் பின்பும் கேமரா அவரை எவ்வளவு குறைவாகக் காட்டுகிறது என்று எண்ணிப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும், நான் எண்ணினேன்.

படத்துக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஆல்பங்கள் வந்தன, கீத்தோடும் கிளாப்டனோடும் வாசித்தார். 2000-இல் சக் பெர்ரி மீது வழக்குப் போட்டார். 1955-இலிருந்து 66 வரை வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் தன் பங்கு இருக்கிறது, குடிப்பழக்கத்தில் இருந்ததால் தன் உரிமை என்னவென்றே தெரியாமல் போயிற்று என்றார். 2002-இல் தள்ளுபடி. பங்கு உண்டா இல்லையா என்ற கேள்விக்கே கோர்ட் போகவில்லை. காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். 2001-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், ‘சைட்மேன்’ என்று ஒரு வருஷம் முன்புதான் புதிதாக உண்டாக்கிய பிரிவில். நம் பாஷையில் பக்கவாத்தியம். 2005-இல் காலமானார்.

இதில் இன்னொரு முடிச்சு. ‘ஜானி பி. குட்’ பாட்டின் ஜானி, ஒரு வகையில் இந்த ஜானிதான் என்று சக் பெர்ரியே சொல்லியிருக்கிறார். ‘குட்’ வந்தது அவர் பிறந்த தெருவான குட் அவென்யூவிலிருந்து. ஆனால் அந்த ரெக்கார்டில் பியானோ வாசித்தது லஃபாயெட் லீக் என்ற வேறொருவர். பெயருக்குச் சொந்தக்காரரை ரெக்கார்டில் காணோம். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் தங்கத் தகட்டில் பதிந்து அனுப்பிய பாட்டு இது. ஆறரைக் கட்டை சூரியக் காற்று எட்டும் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, அதில் ஜானி ஜான்சனின் விரல் இல்லை.

அப்படியானால் சக் பெர்ரி திருடரா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வரிகளை எழுத வேறு யாராலும் முடியாது. பள்ளிக்கூட மணி, கார், ஜூக்பாக்ஸ், பதினாறு வயது என்று ஒரு முழுத் தலைமுறையின் நாட்குறிப்பை முப்பது வயதில் இருந்துகொண்டு எழுதியவர். பாட்டு என்றால் வரியும் மெட்டும் என்றுதான் சட்டப் புத்தகமும் கணக்கு வைத்திருக்கிறது. கூட வாசித்தவனுக்குச் செஷன் கூலி. அந்தக் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான் ஜான்சனும். போகட்டும், ‘ஜானி பி. குட்’டின் அந்தப் புகழ்பெற்ற கிடார் தொடக்கமே, 1940-களில் லூயி ஜோர்டன் குழுவில் இருந்த கார்ல் ஹோகன் வாசித்ததிலிருந்து எடுத்தது. அதை சக் பெர்ரி மறைக்கவும் இல்லை. நூலை இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. எழுதாத இரண்டு பேர் பெயரை ஒட்டிக்கொண்டதற்காக முப்பது வருஷம் மனசுக்குள் கொதித்தவர், அந்தப் பெயர்கள் உதிர்ந்த அதே வருஷம், ஒட்டாமல் விட்ட பெயருக்குச் சொந்தக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கம்பியை இழுக்கும் விதத்தில் ஒரு நூல் பிசகக் கூடாது என்று சண்டை போடுகிறார். அந்தச் சண்டையில் அவர் சொல்வது சரி. கீத் இழுத்த விதம் கொஞ்சம் பிசகுதான்.

டைட்டில் மியூசிக்

எங்கள் குழுவிலும் கச்சேரி ஆரம்பிக்கும்போது ஒரு டைட்டில் மியூசிக் உண்டு. திரை விலகும்போது ஒன்றரை நிமிஷம், அப்புறம் பிள்ளையார் பாட்டு. அந்த ஒன்றரை நிமிஷத்தைப் போட்டது நான். லால்குடி பக்கம் ஒரு திருவிழாவில் மைக் செட் வர தாமதமானபோது, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சும்மா தட்டிக்கொண்டிருந்ததில் வந்தது. கறுப்புக் கட்டைகள் தோதாக இருந்ததால் இரண்டரையில் போட்டேன். குழுவை நடத்திய கிடார் அண்ணன், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டிக்கொண்டு கூடவே வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் வரும் அந்தத் திடீர் நிறுத்தம் டிரம்ஸ் பையன் கொடுத்தது. அடுத்த கச்சேரியிலிருந்து, அண்ணன் இசையமைத்த எங்கள் குழுவின் முகப்பு இசை என்று அறிவிப்பாளர் சொல்லத் தொடங்கினார். அண்ணன் மறுக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பார், ராத்திரி கச்சேரி முடிந்தால் புரோட்டா வாங்கித் தருவார், என்ன சொல்வது?

இரண்டு வருஷம் முன்பு தஞ்சாவூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கையில் தட்டோடு நிற்கிறேன், மேடையிலிருந்து அந்த ஒன்றரை நிமிஷம் வருகிறது. நிறுத்தம்கூட அப்படியே. தட்டை வைத்துவிட்டு முன்னால் போனேன். அண்ணனின் மகன் கிடாரோடு நடுவில் நிற்கிறான், அப்பாவின் குழுவை அவன்தான் நடத்துகிறானாம். அண்ணன் முதல் வரிசையில் நாற்காலியில், முடியெல்லாம் வெளுத்துப்போய். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“என்ன தம்பி, ஞாபகம் இருக்கா நம்ம மியூசிக்?”

நம்ம. அந்த வார்த்தையில் நானும் இருக்கிறேனா, டிரம்ஸ் பையன் இருக்கிறானா, அல்லது என் வீட்டுக்கு வாங்க என்பதை நம்ம வீட்டுக்கு வாங்க என்று சொல்வோமே, அந்த நம்மவா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டது வேறு.

“ஸ்கேல் மாறிடுச்சேண்ணே. நாம ரெண்டரையில வாசிச்சோம்.”

“ஆமாமா, மூணு கட்டைக்கு ஏத்திட்டான்” என்றார். “கிடார்ல அவனுக்கு அதான் வசதி.”